ஏழாம் எண் இடுப்பு

ஜூன் 4

நெட்டைக்கு,

பென்சிலில் எழுதியிருக்கிறாளே என்று சிரிக்காதே. மல்லாக்கப் படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்கவில்லை. தங்கை ஒரு பரீட்சை அட்டையைக் கொடுத்திருக்கிறாள். அதை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தரம் கை ஓய்ந்து அட்டை மூக்கில் விழுகிறது. எத்தனை பேரைத் தூக்கிய கை, இப்போது ஒரு அட்டையைத் தாங்க மாட்டேன் என்கிறது.

போனில் பேசலாம்தான். இந்த வீட்டில் வாசல் பக்கம் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அவ்வளவு தூரம் என்னால் நடக்க முடியாது. போன தடவை தங்கையின் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு நீ சொன்னதை எனக்கும் நான் சொன்னதை உனக்கும் கத்திக் கத்திச் சொன்னார். நீ அழுததைக்கூட "அழுறாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். அதற்கு இது தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டாம் தேதி காயக் குழு கூடுகிறது. மூன்று பேர். என் முதுகு வேலையில் போனதா, தானாகப் போனதா என்று அவர்கள்தான் முடிவு சொல்வார்கள். வேலையில் போனது என்றால் நம் ஆஸ்பத்திரியே அறுவை செய்துவிடும். பிறகு உட்கார்ந்து பார்க்கிற வேலையும் தரும். தானாகப் போனது என்றால் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். வெளியில் போய்ச் செய்துகொள்ள எனக்கு ஏது வழி? எலும்பு டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். வட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது, வலது பாதம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செத்துக்கொண்டு வருகிறது, சீக்கிரம் எடுக்காவிட்டால் பாதம் திரும்பாது என்றார்.

வார்டு சிஸ்டர் குழுவுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் தெரியுமா? எனக்கு ஐம்பத்திரண்டு வயதாம், இந்த வயதில் முதுகுவலி எல்லாருக்கும் சகஜமாம். இருபது வருஷம் அவர் கண்முன்னாலேயே தூக்கினேன். மனுஷி வாய் கூசாமல் எழுதியிருக்கிறார்.

ஆனால் என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. ஏப்ரல் மாதம் ஆராய்ச்சிக்கு வந்த ஒயர் பாப்பா நம் எல்லாருக்கும் இடுப்பில் பெல்ட் கட்டினாளே, அதுதான். "ஆஸ்பத்திரியில வேலை செய்றவங்க உடம்பு எவ்வளவு பாடுபடுதுன்னு பார்க்கத்தான்க்கா, யாரையும் வேவு பார்க்க இல்ல" என்று வார்டு முழுக்கக் கெஞ்சிக்கொண்டு திரிந்தாளே. அந்தப் பெல்ட்டின் பின்பக்கப் பையில் இருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டி, இடுப்புத் தசை இடது பக்கம் எவ்வளவு இழுபடுகிறது, வலது பக்கம் எவ்வளவு என்று பதினாலு நாளும் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு ஏழாம் எண், உனக்கு எட்டாம் எண். அவரவர் அளவை அவரவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நாம் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறதாம். கேட்டு எழுதிவிட்டேன், நேராகக் குழுவுக்கே அனுப்பச் சொல்லி. கிரேன் கிரேன் என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே கடைசி வரை வார்டுக்கு ஒரு தூக்கும் மெஷின் வாங்காமல் விட்டார்களே, இப்போது மெஷினே வந்து எனக்காகப் பேசட்டும்.

நீயும் ஒரு கடிதம் எழுதிக் கொடு. ஏப்ரல் 26 காலையில், பத்தாம் கட்டில் வாத்தியாரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நீ எதிர்ப்பக்கம் நின்றாய். "மூணு" சொன்னதும் என் முதுகில் படக்கென்று கேட்ட சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். அதை மட்டும் எழுது. பன்னிரண்டு வருஷமாக ஒரே ஜோடியாகத் தூக்குகிறோம், நீ சொன்னால் நம்புவார்கள்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

---

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் அட்டை விழுந்ததை எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் இடத்தில் ஒரு புதுப் பெண்ணை என்னோடு ஜோடி போட்டிருக்கிறார்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்வாள், மூணுக்குக் காத்திருக்காமல் இரண்டிலேயே தூக்கிவிடுவாள். வாத்தியார் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் கிரேன் என்பது மட்டும் தெளிவாக வருகிறது.

என் வீட்டுக்காரர் அப்படியேதான் இருக்கிறார். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருப்பதால் மத்தியானம் ஓடிப்போய்ப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வர முடிகிறது. இல்லாவிட்டால் முதுகெல்லாம் புண்ணாகியிருக்கும். இந்தக் குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் நாங்கள் இல்லை அக்கா. இது உங்களுக்கே தெரியும், ஏனோ எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட கடிதத்தை மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் கிழித்துவிட்டேன். எனக்கு எழுத வராது. நல்லபடி எழுதி அனுப்புகிறேன்.

அந்தப் பெட்டி அளவை மட்டும் வாங்காமல் விட்டால் என்ன அக்கா? தப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மெஷினுக்கு என்ன தெரியும்? வேர்வை பட்டால் தப்பாகக் காட்டுமாம், பெல்ட் நகர்ந்தால் தப்பாகக் காட்டுமாம், அந்தப் பெண்ணே சொன்னாள். டாக்டர் எடுத்த படமே போதாதா? அதில் ஏதாவது ஏடாகூடமாக இருந்து வைத்தால் உங்களுக்குத்தானே கெடுதல். யோசியுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெட்டை

---

ஜூன் 13

நெட்டைக்கு,

என்னடி எழுதியிருக்கிறாய்? வாங்காமல் விடுவதா? நான் எழுதிப் போட்டு, அவள் சரி என்று பதிலும் அனுப்பிவிட்டாள். படத்தில் வட்டு பிதுங்கியிருப்பது தெரியுமே தவிர, எதனால் பிதுங்கியது என்று படமா சொல்லும்? நான் எதற்குப் பயப்பட வேண்டும்? பதினாலு நாளில் ஒரு நாளாவது நான் வேலைக்கு டிமிக்கி கொடுத்தேனா? மெஷின் மேல் உனக்கு ஏன் இந்தக் கரிசனம் என்று எனக்கு மட்டுப்படவில்லை.

முந்தாநாள் தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். நல்லபடியாகத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும் அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, உன் செருப்பு அங்கேயே கிடக்கு" என்றாள். வலது கால் செருப்பு அறையின் நடுவில் கிடந்தது. அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலால் சிமெண்டுத் தரையில் நடந்ததும் தெரியவில்லை. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இரண்டு கால்தான் சொந்தம். அதில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. நீ கடிதம் எழுத வராது என்கிறாய். எனக்கு எழுதியது என்ன, கோலமா? எழுதுகிறவள் இதற்கும் எழுத மாட்டாளா?

பதினெட்டாம் தேதி அன்று என்னை வேனில் படுக்கவைத்து அழைத்துவரப் போகிறார்கள். அன்றைக்கு நீ கூட நில். வேறெதுவும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

அக்கா

---

ஜூன் 21

நெட்டைக்கு,

நீ அன்றைக்கு லீவு என்று சொன்னார்கள். இப்போது ஏன் என்று புரிகிறது.

குழு என்னைப் பத்து நிமிஷம் கூட வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஏழாம் எண், லேசான சுமை. ஜோடியாத் தூக்குற வேலைங்கிறதால ரெண்டு பேர் அளவையும் சேர்த்தே அனுப்பியிருக்காங்க. பாரத்தை எல்லாம் எட்டாம் எண்தான் வாங்கியிருக்கு. உங்க இடுப்பு பாதி வேலைகூடச் செய்யலைம்மா. இதை வெச்சுக்கிட்டு வேலையில போச்சுன்னு நாங்க எப்படி எழுதுறது?" தாளை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இரண்டு கோடுகள். ஏழு தரையோடு தரையாக ஓடுகிறது. எட்டு மேலே ஏறி ஏறி இறங்குகிறது. ஒயர் பாப்பா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் முகம் செத்துவிட்டது.

"மெஷின் தப்பு" என்றேன். "நீங்க கேட்டு வாங்கின மெஷின்தானேம்மா" என்றார். 

வேனில் திரும்பி வரும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். மூன்று நாளாக அதே யோசனைதான். மெஷினுக்கு என் மேல் என்ன பகை? அது பார்த்ததைத்தான் சொல்லியிருக்கும். அப்படியென்றால் இத்தனை வருஷமும் தூக்கியது நீதான்.

நெட்டை, உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இருந்திருக்காது. கொஞ்ச காலமாகவே நீ சும்மா கை வைக்கிறாய், நான்தான் இழுக்கிறேன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு விட்டேனா? டீ நேரத்தில் மற்றவர்களிடமும் சொன்னேன். "நெட்டை ஒப்புக்குக் கை வைப்பா, கிரேன் தூக்கும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ அப்போது தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. வீட்டில் ஒருவரைப் புரட்டிவிட்டு வந்து, வார்டில் என் பங்கையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறாய். நான் அந்தப் பேரையும் எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதனால்தான் பெட்டி அளவை வாங்காதே என்று எழுதினாயா? எனக்கு அவமானமாகிவிடும் என்றா? அதனால்தான் அன்றைக்கு முகம் காட்டவில்லையா? எவ்வளவு பெரிய மனசு உனக்கு. நான் உன்னைக் கடிதத்தில் திட்டிவேறு தொலைத்தேன். என்னை மன்னித்துவிடு.

மேல்முறையீடு செய்ய ஜூன் 30 வரைக்கும் நேரம் இருக்கிறதாம். நான் செய்யப் போவதில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? இப்போது கணுக்கால் வரைக்கும் உணர்வு இல்லை. தங்கை ஊசியால் குத்திப் பார்த்தாள். ரத்தப் பொட்டு வந்ததைப் பார்த்துத்தான் குத்தினாள் என்று தெரிந்தது.

உன் அக்கா

---

ஜூன் 24

அக்கா,

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது. திட்டியிருக்கலாம், ஏசியிருக்கலாம். இதைத் தாங்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி கிழித்துவிடுவேன்.

எட்டாம் எண் நீங்கள். ஏழு நான். பெட்டிகளை மாற்றிப் போட்டது நான்தான்.

என் இடது தோள் இரண்டு வருஷமாக வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர் விழுந்த புதிதில் ஒருநாள் அவரைப் புரட்டும்போது ஏதோ கிழிந்தது. காட்டினேன், தசைநார் அறுந்திருக்கிறது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அந்தச் சீட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். தூக்க முடியாத உதவியாளரை யார் வைத்துக்கொள்வார்கள்? அன்றிலிருந்து இடது கையை நோயாளிக்கு அடியில் கொடுப்பேன், பலத்தை வலது கையால் மட்டும்தான் போடுவேன். மீதியெல்லாம் உங்கள் பக்கம் வந்தது. நீங்கள் நினைத்ததும் சரி, டீ நேரத்தில் சொன்னதும் சரி. என் காதில் விழுந்தது. உண்மை என்பதால்தான் சும்மா இருந்தேன்.

பெல்ட் கட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் வார்டு சிஸ்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "யார் வேலை செய்றா, யார் சும்மா நிக்கிறான்னு இனிமே தெரிஞ்சுடும்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். பேரே வெளியே வராது என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாள், நான் நம்பவில்லை. பெட்டிகளைத் துணி அறையில்தான் சார்ஜ் போட்டிருந்தாள். அந்த அறைச் சாவி என்னிடம். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போனேன். ஏழும் எட்டும் பக்கத்தில் பக்கத்தில் பச்சை விளக்கோடு இருந்தன. உங்கள் பெல்ட் பைக்குள் எட்டை வைத்தேன், என் பைக்குள் ஏழை வைத்தேன். எண் அடிப்பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் தினமும் விடிகாலையில் இப்படியே வைத்தேன்.

அந்தப் பெல்ட்டை நமக்கு நாமே கட்டிக்கொள்ள முடியாது, கொக்கி முதுகுப்பக்கம். பதினாலு நாளும் உங்களுக்கு நான்தான் கட்டிவிட்டேன். "இறுக்கமா இருக்காக்கா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். "இன்னும் ஒரு ஓட்டை இழுடி" என்பீர்கள். இழுத்துக் கட்டினேன்.

உங்களுக்குக் கெடுதல் வரும் என்று நான் நினைக்கவேயில்லை. யாரோ எங்கோ படிக்கப்போகிற தாளில் உங்கள் பலத்தை என் பேரில் போட்டுக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்றுதான் தோன்றியது.

இன்னொன்றும் இருக்கிறது. வாத்தியாரைத் தூக்கிய அன்றைக்கு உங்கள் கால் வழுக்கவில்லை. தரை காய்ந்துதான் இருந்தது. "மூணு" என்றதும் என் இடது கை மரத்துப்போய் அவர் தொடைக்கு அடியிலிருந்து நழுவிவிட்டது. அவருடைய முழு உடம்பும் உங்கள் மேல் சாய்ந்தது. நீங்கள் அவரைப் போடவில்லை. மெல்ல நாற்காலியில் இறக்கிவிட்டு, அப்புறம் தரையில் உட்கார்ந்தீர்கள். வலியில் உதடு வெளுத்துப்போயிருந்தது. அப்போதும் அவரைப் பார்த்து, "ஒண்ணுமில்ல சார், என் கால் வழுக்கிடுச்சு" என்றீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இந்தத் தாளைக் குழுவிடம் காட்டுங்கள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானே போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை. படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். நீங்கள் காட்டினால் நடப்பது நடக்கட்டும். காட்டாவிட்டாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி.

நெட்டை

---

ஜூன் 27

உன் கடிதத்தை ஒரு தரம்தான் படித்தேன். இரண்டாம் தரம் படிக்க என்னிடம் தெம்பில்லை.

எட்டு நாள், நெட்டை. எட்டு நாள் முழுக்க நான் என்னையே பொய்க்காரி என்று நம்பினேன். இருபது வருஷம் செய்த வேலையைச் செய்யவேயில்லை என்று நம்பினேன். முதுகு போனதைவிட அது மோசம். படுத்துக்கொண்டே என் கைகளைத் தூக்கிப் பார்த்து, நீங்கள் இத்தனை நாள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

தோள் போனதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடமா மறைப்பாய்? சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டே தூக்கியிருப்பேன். சேர்த்துத் தூக்குகிறேன் என்று தெரிந்து தூக்குவது வேறு, தெரியாமல் என் மேல் சாய்ப்பது வேறு. தெரிந்திருந்தால் கால் ஊன்றி நின்றிருப்பேனே. வாத்தியாரை அன்றைக்கு மூன்று பேராகத் தூக்கச் சொல்லியிருப்பேனே.

ஜூன் நாலாம் தேதி எழுதினேன், உனக்கு அப்போதே தெரியும். பதின்மூன்றாம் தேதி செருப்பு கழன்றதை எழுதினேன், அப்போதும் தெரியும். வேறொன்றும் வேண்டாம், ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மெஷினுக்கு வேர்வை பட்டால் ஆகாது என்று எனக்குப் பாடம் எடுத்தாய்.

இப்போது தாளை என் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி என்கிறாய். என்னடி முடிவு அது? காட்டினால் உன் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், புரட்ட ஆளில்லாமல் உன் வீட்டுக்காரர் முதுகு புண்ணாகும். அந்தப் பாவம் எனக்கு. காட்டாவிட்டால் என் கால் போகும். அதுவும் எனக்கு. உனக்கு என்ன? சொல்லிவிட்டேன் என்று படுத்துத் தூங்குவாய். இதையும் என் பக்கமே சாய்த்துவிட்டாய்.

என்னால் முடியாது. என் உடம்பில் இனிமேல் தாங்க இடமில்லை.

உன் தாளை இதோடு வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். படியெடுக்கவில்லை, தங்கையிடமும் காட்டவில்லை. என் கையில் இப்போது ஒன்றுமே இல்லை. குழுவிடம் போவேன் என்று நினைக்காதே, போக மாட்டேன். முப்பதாம் தேதி சாயங்காலத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

இதை நீ தூக்கு. ஒரு தடவையாவது நீ தூக்கு.

---

ஜூன் 30

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று காலையில் போனேன். ஆஸ்பத்திரி வேனில் அனுப்பினால் சீக்கிரம் கிடைக்கும் என்று இதை டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

தாளைக் காட்டவில்லை, அது பைக்குள்ளேயே இருந்தது. தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதனால் வாயாலேயே சொன்னேன்.  "பெட்டியை மாத்தினது நான்தான்" என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் அவர்களுக்குக் கேட்டது.

நடுவில் இருக்கிறவர் நம்பவில்லை. "ஜோடிக்காரிக்காகப் பேச வந்துட்டியா?" என்று கேட்டார். ஒயர் பாப்பாவைக் கூப்பிட்டார்கள். மாற்றிப் போட்டது உண்மையானால் இரண்டு பேர் அளவையும் சேர்த்துத் தூக்கிப் போடுவதுதான் விதி என்று அவள் சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது. நான் சொன்னதும் வீண், உங்களுக்கும் ஒன்றுமில்லை என்றாகிவிடுமே. அவள் காலில் விழாத குறை. அவள் கொஞ்ச நேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு எந்தத் தோள் போச்சுன்னு சொன்னீங்க?" என்றாள். இடது என்றேன். ஏழாம் எண் அளவைக் காட்டினாள். பதினாலு நாளும் வலது பக்கம் மட்டும்தான் இழுபட்டிருக்கிறது, இடது பக்கம் ஏறக்குறைய சும்மாவே இருக்கிறது. பெட்டி பழுது என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.

உடனே எனக்குப் பெல்ட் கட்டினார்கள். பயிற்சிக்கு வைத்திருக்கிற ரப்பர் ஆளைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, புதுப் பெண்ணோடு சேர்ந்து தூக்கச் சொன்னார்கள். இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் எப்படித் தூக்கினேனோ அப்படியே மூன்று பேர் முன்னால் தூக்கினேன். முதல் தடவை தூக்கினேன். இரண்டாம் தடவையும் தூக்கினேன். மூன்றாம் தடவை கை நழுவி, பொம்மை தரையில் விழுந்தது. வார்டு சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் அதே கோடு வந்தது அக்கா. வலது பக்கம் மட்டும்.

வேலையில் போன காயம் என்று எழுதிவிட்டார்கள். நாலாம் தேதி அறுவை. வேன் வரும்.

என்னை இன்று மத்தியானத்திலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை குவார்ட்டர்ஸில் இருக்கலாமாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

உங்கள் கால் திரும்ப வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

நெட்டை

---

ஜூலை 23

நெட்டைக்கு,

இரண்டு தரம் என்னைப் பார்க்க வந்தாயாம். உள்ளே விட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சிஸ்டர் மேல் கோபித்துக்கொள்ளாதே.

முதுகு வலி போய்விட்டது. எழுந்து உட்காருகிறேன். கால் வரவில்லை. பாதம் தொங்குகிறது, தூக்கு தூக்கு என்று மனசுக்குள் கத்துகிறேன், அது பாட்டுக்குத் தொங்குகிறது. டாக்டரிடம் பட்டென்று கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. "மூணு வாரம் முன்னாடி எடுத்திருந்தா தூக்கியிருக்கும்மா" என்றார். இனிமேல் முழங்காலுக்குக் கீழே பட்டை கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். படியேற ஆள் வேண்டும். சீட்டுப் பதிகிற இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பார்களாம்.

அறுவை செய்த நாளிலிருந்து மூன்று வாரத்தைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஜூன் பதின்மூன்று வருகிறது. செருப்பு கழன்றதை உனக்கு எழுதிய நாள். மன்னித்துவிட்டேன் என்று உனக்கு எழுதத்தான் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன்.

முந்தாநாள் உன் விசாரணைக்காக அந்த மூன்று பேரும் என் கட்டில் பக்கம் வந்தார்கள். வார்டு சிஸ்டர் நோட்டோடு நின்றார். பயத்தில் பெட்டியை மாற்றியதைக்கூட விட்டுவிடுவார்களாம். ஒருத்தியின் கால் போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாளா என்பதுதான் கேள்வியாம். இருந்தாள் என்றால் இன்றே வெளியே. இல்லை என்றால் துணி அறையில் பாரம் தூக்காத வேலை, குவார்ட்டர்ஸும் இருக்கும். "அவங்க உங்ககிட்ட எப்பம்மா சொன்னாங்க?" என்று நடுவில் இருக்கிறவர் கேட்டார்.

 உள்ளே எவ்வளவு இருந்தது தெரியுமா எனக்கு? ஒரு தேதியைச் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்புறம், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட அந்த மனுஷனின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது.

"ஜூன் அஞ்சாம் தேதியே எழுதிட்டா சார். தபால்தான் எனக்கு லேட்டா வந்துச்சு" என்றேன். சிஸ்டர் எழுதிக்கொண்டார்.

நான் திருப்பி அனுப்பிய அந்தத் தாள் உன்னிடம்தானே இருக்கிறது. மேலே தேதி போட்டிருக்கிறாய். கிழித்துப் போடு. என் கால் எந்தத் தேதியில் போனது என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அக்கா